முன்பணமும் வாய்ப்பூட்டும்

“அட்வான்ஸ் கொடுத்தாச்சும்மா. இனிமே குறை சொல்லி விலையக் குறைக்கக் கேட்டா, நம்மள மனுஷனாவே மதிக்க மாட்டாங்க.”

ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் பெரிய மாமா என் தங்கையிடம் சொன்ன வார்த்தை இது. சென்னையின் தெற்குப் புறநகரில், கட்டிப் பதினெட்டு வருடமான அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி வீடு. 60 லட்சத்துக்குப் பேசி முடித்து, 2 லட்சம் முன்பணமும் கொடுத்திருந்தோம். தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வக்கீல் பார்த்துவிட்டார். வாஸ்து பார்ப்பவர் வந்து வாசலை அளந்துவிட்டுப் போனார். கிரயத்துக்குப் பத்து நாள் இருக்கையில், தெரிந்த சிவில் இன்ஜினியர் ஒருவரை வீட்டைக் காட்ட அழைத்துப் போனோம். அவர் குளியலறைக் கூரையைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். உள்ளே ஒன்றுமில்லாத பானையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. பால்கனி பீமின் அடியில், கம்பி ஓடும் வழியிலேயே நீளமாக ஒரு விரிசல். அதன் ஓரத்தில் துருக்கறை. “உள்ளே கம்பி துருப்பிடிச்சிருக்கு. செலவைக் கணக்குப் போட்டு விலையில கழிக்கச் சொல்லுங்க” என்றார்.

நாங்கள் கேட்கவில்லை. மாமாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டோம். குடிபோன இரண்டாவது மழைக்காலத்தில் குளியலறைக் கூரையில் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. தங்கை மகன் அப்போதுதான் குளித்து முடித்து வெளியே வந்திருந்தான். பழுதுபார்க்க 4 லட்சம் ஆயிற்று. தங்கை நகையை அடகு வைத்தாள்.

முன்பணம் கொடுத்துவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்ற நம்பிக்கை நம் ஊரில் வீடு வாங்கும் பல குடும்பங்களில் ஊறிக் கிடக்கிறது. அதைப் பண்பு என்றும் நாணயம் என்றும் சொல்லிக்கொள்கிறோம். அதனால் நடுத்தரக் குடும்பங்கள் இழக்கும் பணத்தையும் நிம்மதியையும் பார்த்த பிறகு, இதை எதிர்த்து எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதலில் நாணயத்தைப் பற்றிப் பேசுவோம். கொடுத்த வாக்கைக் காப்பது பெரிய அறம்தான். ஆனால் அந்த வாக்கை எதற்குக் கொடுத்தோம்? புதுப் பெயின்ட் அடித்து, ‘நல்ல வீடு’ என்று காட்டப்பட்ட ஒன்றுக்கு. சந்தையில் ஒரு கூடை கத்தரிக்காய்க்கு விலை பேசுகிறோம். கொட்டிப் பார்த்தால் பாதி சொத்தை. பேசிய விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டா வருகிறோம்? அப்படிக் கேட்பதை எந்த வியாபாரியும் வாக்குத் தவறியதாகச் சொல்வதில்லை. முப்பது ரூபாய்ச் சரக்குக்கு இருக்கும் இந்த நியாயம், வாழ்நாள் சேமிப்பையும் இருபது வருடச் சம்பளத்தையும் கொட்டி வாங்கும் வீட்டுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போனது?

சட்டமும் நாணயத்தை முதலில் விற்பவரிடம்தான் எதிர்பார்க்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவைப் பாருங்கள். தமக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு வரையறுக்கிறது. குளியலறையில் ஒழுகியதை மறைத்துப் புட்டி பூசி விற்றவரைச் சட்டம் குற்றம் சாட்டுகிறது. நாமோ அந்தக் குறையைக் கண்டுபிடித்தவனைக் குற்றவாளியாக்குகிறோம்.

அந்தப் பிரிவில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு விற்பவர் பொறுப்பில்லை. பீமில் பளிச்சென்று தெரிந்த விரிசலைப் பார்த்தும் பேசாமல் பத்திரம் பதிந்துகொண்டால், பிறகு நீதிமன்றம் போய் முறையிட நம் கையில் ஒன்றும் இருக்காது. புது வீடு வாங்குகிறவருக்காவது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் துணை நிற்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து முறையிட்டால், கட்டியவர் 30 நாளில் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. பதினெட்டு வருடப் பழைய வீட்டை ஒருவரிடமிருந்து மறுகிரயத்துக்கு வாங்குகிறவருக்கு அந்தக் காவல் கிடையாது. அவருக்குள்ள பெரிய காவல் ஒன்றுதான்: பதிவுக்கு முன் வாய்திறந்து பேசுவது. அந்த வாய்க்குத்தான் நாம் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறோம்.

“பேங்க் லோன் கொடுக்குதே, அவங்க பார்க்காமலா கொடுப்பாங்க?” என்பது அடுத்துச் சொல்லப்படும் சமாதானம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து அளவெடுக்கிறார், நாலு போட்டோ எடுக்கிறார், அந்தப் பகுதியின் விலையைக் குறிக்கிறார். கடன் திரும்பி வராவிட்டால் சொத்தை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்று தெரிந்துகொள்வதே வங்கியின் கவலை. கூரைக்கு அடியில் தூங்கப் போவது நம் குழந்தை. மதிப்பீட்டாளர் சுத்தியல் எடுத்துத் தட்டுவதில்லை. மாடிக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதில்லை. வக்கீல் பார்க்கும் பத்திரத்திலும் துரு தெரியாது. அனுமதிக் காகிதம் கட்டடத்தைத் தாங்காது என்பதற்குச் சென்னையில் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்: 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். திட்ட அனுமதி பெற்ற கட்டடம்தான் அது. பக்கத்தில் இருந்த இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று.

“எந்த வீட்டுலதான் விரிசல் இல்ல?” என்பது மூன்றாவது சமாதானம். இது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. பூச்சில் தலைமுடிபோல் ஓடும் கீறல்கள் எல்லா வீட்டிலும் உண்டு. பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வரும் கீறலும் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சுவரில் படிக்கட்டுபோல் சாய்வாக ஏறி, ஒரு முனையில் அகன்றுகொண்டே போகும் விரிசல் அஸ்திவாரம் இறங்குவதைச் சொல்லலாம்; மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் களிமண் பூமியில் இது நடப்பதுண்டு. பில்லரிலோ பீமிலோ கம்பியின் போக்கிலேயே நீளமாக ஓடும் விரிசலும் துருக்கறையும் வேறு சாதி.

ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பிக்குக் கவசம். உப்புத் தண்ணீரில் கலவை போட்டாலோ, கழுவாத உப்பு மணலைச் சேர்த்தாலோ, கடற்காற்று வருடக்கணக்கில் ஊடுருவினாலோ, குளோரைடு அந்தக் கவசத்தை உடைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது உள்ளிருந்து தள்ளத் தள்ளக் கான்கிரீட் பிளக்கிறது. பிளந்த வழியே இன்னும் தண்ணீர் இறங்குகிறது. மேலே எத்தனை முறை புட்டி பூசினாலும் நோய் நிற்காது. குருகிராமில் 2022 பிப்ரவரியில் ஓர் உயரமான குடியிருப்பின் தளங்கள் சரிந்து இருவர் இறந்தபின், டெல்லி ஐஐடி ஆராய்ந்து கான்கிரீட்டில் குளோரைடு கலந்திருந்ததைக் கண்டது. விலையுயர்ந்த வீடுகளுக்கே அந்தக் கதி. ‘எல்லா வீட்டிலும் விரிசல்’ என்று பேசுகிறவர்கள் எந்த விரிசலைச் சொல்கிறார்கள் என்று கேட்டே தீர வேண்டும்.

இன்னொரு வழக்கமும் நம்மை ஏமாற்றுகிறது. மார்கழியில் வீட்டுப் பேச்சு எடுக்க மாட்டோம். தை பிறந்ததும் கிரயம். வடகிழக்கு மழை டிசம்பரோடு ஓய, பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டை நாம் தையில் பார்க்கிறோம். ஓதம் காய்ந்திருக்கும், உப்புப் பூத்த இடம் பெயின்ட்டுக்குள் மறைந்திருக்கும். தையில் பதிவு செய்யுங்கள், தடையில்லை. ஆனால் வீட்டை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போய்ப் பாருங்கள். முடிச்சூரிலோ வேளச்சேரியிலோ வாங்குவதாக இருந்தால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று விற்பவரிடம் மட்டும் கேட்காமல், தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமும் கேளுங்கள்.

குறை தெரிந்தபின் எப்படிப் பேசுவது? வாய்ச்சண்டை வேண்டாம். கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். சந்தேகம் பெரிதானால் கான்கிரீட்டின் வலுவைப் பார்க்கும் ரிபவுண்ட் ஹாமர் போன்ற சோதனைகளையும் அவர் சொல்வார். 60 லட்சம் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், 5 லட்சத்து 40 ஆயிரம் முகம் கோணாமல் கட்டுகிறோம். அதில் சிறு பங்குகூட வராத பொறியாளர் கட்டணத்துக்குக் கணக்குப் பார்ப்பது நியாயமா? அறிக்கையோடு, பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் செலவு மதிப்பீடும் வாங்கி, இரண்டையும் விற்பவர் முன் வையுங்கள். “இதுதான் குறை, இதுதான் செலவு” என்று ஒரே தொகையைச் சொல்லுங்கள்.

“நானே சரிபண்ணித் தர்றேன்” என்று விற்பவர் சொன்னால் யோசியுங்கள். கைமாறப் போகும் வீட்டுக்கு யாரும் கம்பியைச் சுரண்டித் துரு நீக்கிப் பூசிக் கொடுக்க மாட்டார்கள். மேலே பூசி மெழுகுவார்கள். விலையில் கழிப்பதே மேல். 4 லட்சம் குறைந்தால் லாபம் 4 லட்சத்தோடு நிற்பதில்லை. அந்த 4 லட்சத்தை 8.5 சதவீத வட்டிக்கு 20 வருடக் கடனாக வாங்கினால் மாதம் சுமார் 3,470 ரூபாய் வீதம், மொத்தம் 8 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் கட்டுவோம். வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போகாதவரை முத்திரைத் தீர்வையும் குறையும். குறை மேல்மாடிக் குளியலறையிலோ பொது பில்லரிலோ இருந்தால், குடியிருப்போர் சங்கம் யார் செலவில் எப்போது செய்யும் என்று எழுதி வாங்குங்கள். அஸ்திவாரமே இறங்குகிறது, பில்லர்களே அரித்துவிட்டன என்றால் விலை பேச வேண்டாம், விலகி வந்துவிடுங்கள். எந்தத் தள்ளுபடியும் அதற்கு ஈடாகாது.

விற்பவர் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. முன்பணத்தைக் கொடுத்து வீட்டை முடக்கி வைத்துவிட்டு, அவர் மகள் கல்யாணச் செலவுக்குத் தவிக்கும் நேரம் பார்த்து, இல்லாத குறையைச் சொல்லி ஐந்து லட்சம் அடிக்கிறவர்கள் உண்டு. அது பச்சைத் துரோகம். அதற்கு மருந்து வாங்குபவர் எல்லோருடைய வாயையும் கட்டுவதில் இல்லை. ஒப்பந்தத்தை ஒழுங்காக எழுதுவதில் இருக்கிறது. ‘இத்தனை நாளுக்குள் பொறியாளர் சோதனை, கட்டுமானக் குறை தெரிந்தால் விலையைத் திரும்பப் பேசலாம், ஒத்துவராவிட்டால் முன்பணம் திரும்பும்’ என்று ஒரு வரி எழுதினால் இரு தரப்புக்கும் காப்பு. தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது; நாம் இன்னும் டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம். முன்பணத்தைக் கட்டுக்கட்டாக ரொக்கமாகக் கொடுப்பதையும் விடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ சொத்து முன்பணத்தை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015-லேயே தடுத்துவிட்டது. ரசீதில்லாத பணத்தைக் கொடுத்தவன் எந்த மேசையிலும் நிமிர்ந்து உட்கார்ந்து பேச முடியாது.

சென்ற வருடம் எங்கள் சித்தப்பா மகன் வீடு பார்க்கப் போனபோது தங்கையும் கூடப் போனாள். இந்த முறை ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இருந்தது. கூரையில் ஓதம் இருந்ததைப் பொறியாளர் எழுதிக் கொடுத்தார். தம்பி இரண்டரை லட்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டான். விற்பவர் முதலில் முகம் சுளித்தார். மூன்று நாள் கழித்துச் சம்மதித்தார். பதிவு அலுவலகத்தில் காத்திருக்கும்போது அவராகவே தம்பியிடம் சொன்னாராம்: “மேல இருந்து ஒழுகுறது எனக்குத் தெரியும் தம்பி. இதுக்கு முன்ன வந்த ரெண்டு பேரும் கேக்கல. நானும் சொல்லல.”

தங்கை வீட்டை விற்றவருக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரும் சொல்லியிருக்கலாம். மரியாதை என்று நினைத்துக்கொண்டு நாங்கள் விழுங்கிய அந்தக் கேள்வி, ஒரு மழைநாளில் குழந்தையின் தலைக்கு மேலிருந்து பெயர்ந்து விழுந்தது. வீடு வாங்கப் போகிறவர்களே, முன்பணம் கொடுத்த பிறகும் கேளுங்கள். பத்திரத்தில் கையெழுத்து விழும் வரை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.