பிளக் சொல்லும் சாட்சி

"சார், ஹெட்டை இறக்கணும்!"

பழைய கார் வைத்திருப்பவர் காதில் இந்த மூன்று வார்த்தை விழுந்தால் போதும், அந்த மாசம் மளிகைக் கடை பாக்கி பாக்கியாகவே நிற்கும். அம்பாஸடர், பத்மினி, மாருதி 800... மூன்றின் தயாரிப்பும் நின்றுபோய்ப் பல வருஷமாச்சு. ஆனாலும் 'அப்பா ஓட்டின வண்டி சார்' என்று கவர் போட்டுக் காப்பாற்றுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களுக்காக.

அடியேன் பி.காம்.! ஆனால் ஆடிட்டிங் வகுப்பில் கற்ற ஒரு விஷயம் காருக்கும் பொருந்துகிறது: வவுச்சரைப் பார்க்காமல் லெட்ஜரில் கை வைக்காதே. காரில் வவுச்சர் என்பது ஸ்பார்க் பிளக். சிலிண்டருக்கு ஒன்று. உள்ளே நடந்ததெல்லாம் அதன் மூக்கில் பதிவாகியிருக்கும்.

வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறதா? இன்ஜின் நன்றாக ஆறட்டும். (சூட்டோடு கழற்றினால் பத்மினி மாதிரி அலுமினிய ஹெட்டில் மரை பிய்ந்து வரும். அப்புறம் நிஜமாகவே ஹெட்டை இறக்கணும்!) பிளக்குகளைக் கழற்றி 1, 2, 3, 4 என்று வரிசையாகப் பேப்பரில் வையுங்கள். வரிசை மாறினால் சாட்சி செல்லாது.

டீயில் தோய்த்த பிஸ்கட் நிறமா? சௌக்கியம். அடுப்புக்கரி மாதிரி உலர்ந்த கறுப்பா? பெட்ரோல் அதிகம், சோக், கார்புரேட்டர், ஏர் ஃபில்டரைப் பாருங்கள். கறுப்போடு எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால், ஆயில் உள்ளே புகுந்து எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு பக்கம் சந்தேகப்படலாம். வெளுத்துப் போயிருந்தால் சூடு அதிகம். மூன்று பிளக் அழுக்காக இருக்க, ஒன்று மட்டும் தலைக்குக் குளித்த மாதிரி பளிச்சென்று இருக்கிறதா? சந்தோஷப்படாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது என்று அர்த்தம்.

என் நண்பர் பத்மினிக்காரர். முதலில் காட்டிய இடத்தில் அதே மூன்று வார்த்தை. மனசு கேட்காமல் புதுப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் போனார். "டாக்டரே முதல்ல நாக்கை நீட்டச் சொல்றார். எடுத்ததும் ஆபரேஷனா தம்பி?" என்றவர், ஐடிலிங்கில் ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிளக் வயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். இரண்டாம் நம்பரை இழுத்தபோது மட்டும் இன்ஜின் சத்தத்தில் மாற்றமே இல்லை. அந்த சிலிண்டர் தூங்குகிறது! இரண்டாவது பிளக்கை மூன்றில் போட்டார், மூன்றை இரண்டில். கோளாறும் கூடவே மூன்றுக்குக் குடிபோனது. பிளக்கின் பீங்கானில் முடி போல ஒரு விரிசல். செலவு, ஒரே ஒரு பிளக்!

கோளாறு குடிபோகாமல் இரண்டிலேயே உட்கார்ந்திருந்தால் பிளக் நிரபராதி. வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அப்புறம் வால்வு, கேஸ்கட் என்று விசாரணையைத் தொடரலாம்.

எதிர்க்கட்சியும் உண்டு. எங்கள் தெருவில் ஒருவர் தினம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார், மாசம் ஒரு பிளக் மாற்றுவார், ஹெட் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். கேஸ்கட்டில் முடிந்திருக்க வேண்டிய செலவு, தண்ணீர் கலந்த ஆயிலால் பேரிங் வரை போனது.

கேஸ்கட்டுக்கு அடையாளங்கள்: வெளியே சொட்டாமல் தண்ணீர் குறையும். சூடேறிய பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காது. டிப்ஸ்டிக்கில் ஆயில், பால் விட்ட காபி மாதிரி இருக்கும். காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வரும். (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும், ஜாக்கிரதை!)

சந்தேகமிருந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைக்கச் சொல்லுங்கள். பக்கத்து பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைவாகக் காட்டினால், நடுவில் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று மட்டும் குறைவா? அதற்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கணும். ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

இத்தனைக்கும் பிறகு ஹெட்டை இறக்கச் சொன்னால் தாராளமாக இறக்குங்கள். வளைந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கணும், வளைந்திருந்தால் ஃபேஸிங். கேஸ்கட் புதுசுதான். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்ச்சில், படிப்படியாக முறுக்கணும்.

பில் கட்டும்போது பழைய பிளக்குகளையும் கேட்டு வாங்குங்கள். நம்பர், தேதி எழுதி டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த தடவை ஒப்பிட உதவும். எந்த ஆடிட்டரும் பழைய வவுச்சரைத் தூக்கி எறிவதில்லை!