பழைய வரிகள், புதிய ராக்கெட்

ஓடுகிற புரோகிராமில் கை வைக்காதே என்பது கம்ப்யூட்டர் துறையில் வேதவாக்கு. அதை நம்பி ஒரு ராக்கெட்டே போனது.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 முதல் முறையாகக் கிளம்பியது. சுமார் 40 வினாடிகளில், நான்கு செயற்கைக்கோள்களோடு வெடித்துச் சிதறியது. இன்ஜினில் பழுதில்லை. குற்றவாளி, ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் கணிக்கும் கம்ப்யூட்டரில் இருந்த சில வரிகள்.

ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுக்கப்பட்ட வரிகள் அவை. அங்கே ஒழுங்காக வேலை செய்தவை. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகமோ ஆரம்பத்திலேயே மிக அதிகம். அதையொட்டிய 64 பிட் எண்ணை 16 பிட் இடத்தில் திணித்தபோது கொள்ளவில்லை, கம்ப்யூட்டர் செயலிழந்தது. மாற்றாக வைத்திருந்த கம்ப்யூட்டரிலும் அதே புரோகிராம், அதே கதி. இத்தனைக்கும், கிளம்பிய பின் அந்தக் கணக்கு ஏரியான் 5-க்குத் தேவையே இல்லை.

விசாரணைக் குழுவின் அறிக்கை புரோகிராமர்களுக்கு நல்ல பாடப்புத்தகம். ஆபத்துக்கு இடமுள்ள ஏழு எண்களில் நான்குக்குத்தான் பாதுகாப்பு இருந்தது. மற்ற மூன்றும் எல்லை தாண்டாது என்று முடிவு செய்திருந்தார்கள். ஏன் தாண்டாது என்ற காரணம் புரோகிராமில் எழுதப்படவில்லை. பிறகு படித்தவர்கள் கண்ணில் அது படவில்லை. ஏரியான் 5-ன் பாதை விவரங்களைக் கொடுத்து யாரும் சோதிக்கவும் இல்லை. விபத்துக்குப் பின் தரையில் சோதித்தபோது அதே கோளாறு அப்படியே வந்தது.

எனவே செய்ய வேண்டியவை எளியவை. 'இந்த எண் இதற்கு மேல் போகாது' என்று நம்பினால், அதையும் காரணத்தையும் அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். பழைய வரிகளைப் புது இடத்துக்குக் கொண்டு போனால், புது இடத்தின் எண்களோடு, அதுவும் எல்லையைத் தொடும் எண்களோடு, மறுபடி சோதிக்க வேண்டும். உபயோகமில்லாததை நீக்க வேண்டும். எழுதாத ஒருவரைப் படிக்கச் சொல்ல வேண்டும். எழுதியவருக்குச் சாதாரணமாகத் தோன்றுவதை அவர்தான் கேள்வி கேட்பார்.

இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். ஏரியான் 5-ல் அந்தச் சோதனை தரையிலேயே முடிந்திருக்கும்.