மறுப்பதென்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள்

நான் குடியிருக்கும் சில்வர் ஸ்பிரிங்கில் ஏறத்தாழ 81 ஆயிரம் பேர் வாழ்கிறோம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் வடக்கு எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர் இது. மெட்ரோ ரயில் உண்டு. உயரமான அலுவலகக் கட்டடங்கள் உண்டு. ஃபென்டன் தெருப் பக்கம் போனால் எத்தியோப்பிய உணவகங்களின் மணம் வரும். மேயர் மட்டும் கிடையாது, நகர மன்றமும் கிடையாது. சட்டப்படி இது நகரமே இல்லை; மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கொமரி கவுண்டிக்குள் (நம் மாவட்டம் போன்றது) அடங்கிய ஒரு பகுதி. பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் டகோமா பார்க்கில் 18 ஆயிரம் பேர்கூட இல்லை. அங்கே மேயரும் உண்டு, மன்றமும் உண்டு. 2013 முதல் 16 வயதுப் பிள்ளைகளும் அந்நகரத் தேர்தலில் வாக்களிக்கிறார்கள்.

எங்களுக்குப் போலீஸ், நூலகம், எந்த மனையில் எத்தனை மாடி கட்டலாம் என்ற முடிவு எல்லாமே கவுண்டிதான். 10 லட்சத்து 62 ஆயிரம் மக்களுக்கு 11 உறுப்பினர்கள் கொண்ட ஒரே மன்றம். என் தெருவின் சங்கதி அந்த மன்றத்தின் காதுக்கு எப்படிப் போகும்? அதற்காகக் கவுண்டியை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குடிமக்கள் ஆலோசனை வாரியம் வைத்திருக்கிறார்கள். உறுப்பினர்களைக் கவுண்டி நிர்வாகத் தலைவர் நியமிக்கிறார், மன்றம் ஒப்புதல் தருகிறது. சம்பளம் இல்லை. மாதத்தில் ஒரு மாலை கூடுவார்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.

தமிழ்நாட்டில் வளர்ந்த எனக்கு இந்தக் கூட்டங்களின் எளிமை பிடித்திருந்தது. மேடை இல்லை, பொன்னாடை இல்லை. காவல் அதிகாரி வந்து அந்த மாதத் திருட்டுக் கணக்கைச் சொல்வார். திட்டமிடல் துறையிலிருந்து வரும் இளைஞர் சுவரில் வரைபடத்தைக் காட்டுவார். அடுக்குமாடி கட்டப்போகும் நிறுவனத்தின் ஆள், தரைத்தளத்தில் கடைகள் வரும் என்பார். ஒரு முதியவர் எழுந்து, நடைபாதை எத்தனை அடி விடுவீர்கள் என்று கேட்பார். கட்டடம் எழும்பிய பிறகு அந்தக் கேள்விக்கு ஒரு மதிப்பும் இல்லை. வரைபடம் இன்னும் காகிதத்தில் இருக்கும்போதே அதைக் கேட்க வைப்பதுதான் இந்த வாரியங்களின் பெரிய பயன்.

இரண்டாவது பயன் பணத்தைப் பற்றியது. கவுண்டி நிர்வாகத் தலைவர் மார்ச் 15-க்குள் பட்ஜெட்டை மன்றத்தின் முன் வைக்க வேண்டும். மே மாத முடிவுக்குள் மன்றம் அதை நிறைவேற்றும். ஜூலை 1-இல் நிதியாண்டு தொடங்கும். மார்ச்சில் அச்சாகி வந்துவிட்ட பட்ஜெட்டில் புதிதாக ஒரு வரியை நுழைப்பது எளிதல்ல. எனவே வாரியங்கள் முன்கூட்டியே தங்கள் வட்டாரத்தின் முதன்மைத் தேவைகளைக் கடிதமாக எழுதி அனுப்புகின்றன. பொது விசாரணையில் தனி ஆளுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அந்தக் கடிதத்தில் இடம்பிடித்த கோரிக்கை ஒரு வட்டாரத்தின் கோரிக்கையாகப் போய்ச் சேர்கிறது.

அந்தக் கடிதத்தில் யாருடைய தேவை இடம்பெறுகிறது என்பதுதான் எனக்குக் கவலை. நான் மருத்துவமனை ஆய்வகத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். மாலை ஷிஃப்ட் வாரத்தில் எந்தக் கூட்டத்துக்கும் போக முடியாது. என் அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலை செய்கிறார். அம்ஹாரிக் பேசுபவர், இரண்டு பிள்ளைகளின் தாய். பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் விளக்கு இல்லாததை என்னிடம்தான் சொல்வார். இரவு பதினொரு மணிக்கு அந்த வழியில் நடப்பவர் அவர். மாலை ஏழு மணிக் கூட்டத்தில் பேசக்கூடியவர்களோ பெரும்பாலும் சொந்த வீடும் ஓய்வூதியமும் உள்ளவர்கள். நல்லவர்கள்தான், ஊருக்காக இரவு பத்து மணிவரை உட்காருகிறார்கள். ஆனால் அவர்கள் அந்த நிறுத்தத்தில் இறங்குவதில்லை.

லாங் பிராஞ்சைப் பாருங்கள். சில்வர் ஸ்பிரிங்கின் கிழக்குப் பக்கம், மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த பகுதி. சின்னச் சின்னக் கடைகள். பெத்தெஸ்டாவையும் நியூ காரொல்டனையும் இணைக்கும் பர்ப்பிள் லைன் ரயில்பாதை இதன் வழியாகப் போகிறது. 21 நிலையங்கள், 16 மைல். 2017-இல் வேலை தொடங்கியபோது 2022-இல் ரயில் ஓடும் என்றார்கள். 2020-இல் கட்டுமான நிறுவனம் பாதியில் விலகியது. இப்போது 2027 குளிர்காலம் என்கிறார்கள். கடை வாசலில் இத்தனை ஆண்டுகளாகப் பள்ளத்தைப் பார்ப்பவர், ரயில் வந்ததும் வாடகை ஏறினால் வெளியேற வேண்டியவர், அந்தக் கடைக்காரர்தான். திட்டமிடும் மேசையில் முதல் நாற்காலி அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இது என் தனி ஆதங்கம் மட்டுமல்ல. 2050-ஐ நோக்கிக் கவுண்டி தயாரித்த ‘த்ரைவ் மான்ட்கொமரி’ பொதுத் திட்டத்தை மன்றத்தின் மேற்பார்வை அலுவலகம் 2022-இல் ஆராய்ந்தது. வரைவு எழுதும் முன்பே கறுப்பின, குடியேறிய, குறைந்த வருமான மக்களிடம் போதுமான அளவு பேசவில்லை என்று சுட்டிக்காட்டியது. அதன் பிறகு கூடுதலாகக் கருத்துக் கேட்டு, அந்த அக்டோபரில் திட்டத்தை நிறைவேற்றினார்கள். பின்னால் போய்க் கேட்பதும் கேட்பதுதான். ஆனால் எழுதி முடித்த வரைவில் இரண்டு வாக்கியத்தைத் திருத்தலாம். அதன் போக்கை மாற்றுவது கடினம்.

அமெரிக்க நகரத் திட்டமிடல் அறிஞர் ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்தார். ஒருசிலரைப் பொறுக்கி ஆலோசனைக் குழுவில் உட்காரவைத்து, முடிவெடுக்கும் உரிமையை அதிகாரத்திலிருப்பவரே வைத்துக்கொள்வதை ஐந்தாம் படியில் வைத்தார். சமாதானப்படுத்துதல் என்று அந்தப் படிக்குப் பெயரிட்டார். கடுமையான தீர்ப்பு, எனினும் அதற்காக வாரியங்களைக் கலைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மேயர் இல்லாத ஊரில் அவற்றையும் இழந்தால் எங்களுக்கு எஞ்சுவது மின்னஞ்சல்தான்.

நான் கேட்பது வேறு. அதற்கான விதி ஏற்கெனவே அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. 1974-இல் வந்த வீட்டுவசதி, சமூக மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பெரிய நகரங்களுக்கும் பெரிய கவுண்டிகளுக்கும் ஆண்டுதோறும் மத்திய அரசின் மானியம் வருகிறது. அதில் குறைந்தது 70 சதவீதம் குறைந்த, மிதமான வருமானக் குடும்பங்களுக்குப் பயன்பட வேண்டும். எங்கள் கவுண்டியில் தன்னார்வக் குழு ஒன்று தொண்டு நிறுவனங்களின் விண்ணப்பங்களைப் படித்து யாருக்குத் தரலாம் என்று பரிந்துரைக்கிறது. இந்தப் பணத்தைப் பெற ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு பொது விசாரணை நடத்த வேண்டும், வரைவை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமாக நான் நினைப்பது இன்னொரு விதி: மக்கள் சொன்ன கருத்துகளில் எவற்றை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்பதை இறுதித் திட்டத்தோடு எழுதி இணைக்க வேண்டும்.

இந்த ஒரு விதியை எல்லா ஆலோசனை வாரியங்களின் கடிதங்களுக்கும் விரித்தால் போதும். அரசு ஆலோசனைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. பணம் இல்லை என்று சொல்லட்டும். அந்தச் சாலை மாநிலத்துடையது, நாங்கள் விளக்கு போட முடியாது என்று சொல்லட்டும். காரணம் எழுத்தில் வந்துவிட்டால், அடுத்த கேள்வியை யாரிடம் கேட்பது என்று கீழ்வீட்டுக்காரருக்குத் தெரியும். பணம் இல்லையென்றால் மன்றத்திடம், சாலை மாநிலத்துடையது என்றால் மாநிலப் போக்குவரத்துத் துறையிடம். பதிலே வராத கோரிக்கையை வைத்துக்கொண்டு அவரால் ஓர் அடிகூட நகர முடியாது.

என் சொந்த ஊர் பம்மல், இன்று தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் தொடங்கி, 2022 நவம்பர் 1-ஆம் தேதி பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் ஸ்டாலினே கலந்துகொண்டபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்டுப்போன நிலத்தடி நீரைப் பற்றிப் பேச அந்த ஊருக்கு எவ்வளவோ இருக்கிறது. அங்கும் நான் கேட்பது இதையேதான்: மக்கள் எழுப்பிய ஒவ்வொரு கோரிக்கைக்கு எதிரிலும் முடிவையும் காரணத்தையும் தேதியையும் எழுதி, அடுத்த சபையில் வாசித்துவிட்டுக் கூட்டத்தைத் தொடங்குங்கள்.

இங்கே இலையுதிர் காலத்தில் வாரியம் பட்ஜெட் கடிதத்தைப் பற்றிப் பேசும்போது மூன்று விஷயங்களைச் சேர்க்கச் சொல்லப் போகிறேன். முதலாவது, கூட்டத்தில் அம்ஹாரிக், ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. இரண்டாவது, ஆண்டுக்குச் சில கூட்டங்களாவது சனிக்கிழமை காலையில், லாங் பிராஞ்சில். மூன்றாவது, கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம்: மேலே உள்ள ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்பா மறுப்பா, மறுப்பென்றால் ஏன் என்பதை ஜூன் 30-ஆம் தேதிக்குள் எழுத்தில் தருக. முதல் கோரிக்கையாக அந்த வழியின் விளக்கு இருக்கும்.