புள்ளிமானுக்காகச் சொல்லப்படும் சமாதானங்கள்

அந்தமானில் புள்ளிமானைக் கட்டுப்படுத்தச் சட்டத்தில் வழி வேண்டும் என்று யாராவது எழுதினால் பதில் தயாராக வந்து நிற்கும். மான் நம் நாட்டு விலங்கு, அது எப்படி அந்நியமாகும்? வந்து நூறு வருஷம் ஆகிவிட்டது, இயற்கை தானே சரிசெய்துகொள்ளும். சட்டத்தை 2022இல்தான் திருத்தினார்கள், இன்னும் என்ன குறை? வாயில்லா ஜீவனைச் சுடச் சொல்ல உங்களுக்கு மனசு எப்படி வருகிறது? எல்லாம் சுற்றி வந்து சேருவது ஓரிடத்தில்தான்: தீவுகளுக்கென்று தனி விதி தேவையில்லை, இருப்பதே போதும். போதாது என்பது என் கட்சி.

"நம் நாட்டு விலங்கு" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. முதுமலையில் பேருந்து ஜன்னல் வழியாகவே மந்தை மந்தையாகப் பார்க்கிற விலங்கு அது. ஆனால் சென்னையில் கப்பலேறினால் அந்தமான் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அந்தக் கடலை எந்த மானும் நீந்திக் கடக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து விட்டார்கள். அதுவரை அந்தத் தீவுகளின் நிலத்தில் இருந்த பெரிய பாலூட்டி காட்டுப்பன்றிதான். புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. அங்கே வாழும் ஜாரவா பழங்குடிகளின் மரபு வேட்டையிலும் பன்றிதான், மான் கிடையாது. இறக்கிவிட்ட மான் குறுகிய கால்வாய்களை நீந்தித் தீவுக்குத் தீவு பரவியது.

இதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? 2022இன் திருத்தம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் தடவையாக ஆக்கிரமிப்பு அயல் உயிரினம் என்பதற்கு ஒரு வரையறை கொடுத்தது. இந்தியாவுக்குச் சொந்தமல்லாத, புகுந்தாலோ பரவினாலோ வன உயிரினங்களுக்கோ அவற்றின் வாழிடத்துக்கோ கேடு செய்யக்கூடிய விலங்கு அல்லது தாவரம் என்பது அதன் சாரம். சிக்கல் "இந்தியாவுக்கு" என்பதில் இருக்கிறது. புள்ளிமான் இந்தியாவுக்குச் சொந்தம். ஆகவே அந்தமானில் அது எத்தனை காட்டை மேய்ந்து தீர்த்தாலும் சட்டப்படி அயல் விலங்கு ஆகாது. தேச வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உயிரியல் எழுதினால் இப்படித்தான் முடியும்.

இந்த ஓட்டை மானோடு நிற்கவில்லை. மழைக்காலத்தில் நம் வயல்களில் மஞ்சளாக மின்னிக்கொண்டு கத்துமே ஒரு பெரிய தவளை, அது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தமானுக்குப் போய்ச் சேர்ந்தது. மீன் வளர்ப்புக்காகத் தண்ணீரும் காற்றும் அடைத்து அனுப்பும் பிளாஸ்டிக் பைகளில், மீன்குஞ்சோடு தலைப்பிரட்டையாகப் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்தத் தலைப்பிரட்டை மற்றத் தலைப்பிரட்டைகளைத் தின்னும். வளர்ந்த தவளை பல்லியையும் தின்னும், குடியேறிகளின் கொல்லையில் கோழிக்குஞ்சையும் விடாது. இதுவும் இந்திய இனம்தான். தவளைக்கால் ஏற்றுமதி கொழித்த காலத்தில் இங்கே அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, சட்டத்தின் பாதுகாப்பு அட்டவணையில் சேர்த்தார்கள், அதில் தப்பில்லை. தஞ்சாவூர் வயலுக்குச் சரியான அந்தப் பாதுகாப்பு அப்படியே கடல் தாண்டிப் போனதுதான் தப்பு.

உலகம் இதை இப்படி எழுதவில்லை. உயிர்ப்பன்மய உடன்படிக்கையின் கீழ் 2002இல் ஏற்கப்பட்ட வழிகாட்டு நெறிகள், ஓர் இனம் இயற்கையாகப் பரவியிருந்த எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்டால் அதை அயல் இனம் என்கின்றன. நாட்டு எல்லை என்ற பேச்சே அந்த வரையறையில் இல்லை. இந்தியா அந்த உடன்படிக்கையில் 1994 முதல் உறுப்பினர். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2014ஆம் ஆண்டின் அதன் ஒழுங்குமுறை, ரீயூனியன், கேனரி போன்ற தொலைதூரப் பகுதிகளை உடைய நாடுகள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பட்டியல் போட வேண்டும் என்று கெடு வைத்துச் சொன்னது. பாரிஸில் சாதாரணமாக இருக்கும் ஓர் உயிர் ரீயூனியனில் கேடாகலாம் என்பதை அங்கே சட்டமே ஒப்புக்கொள்கிறது. இடத்தைப் பார்த்து விதி செய்வது நமக்கும் புதிதில்லை. மண்டபம் பக்கம் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசியை வளர்க்கத் தொடங்கியபோது, எந்தக் கடற்பகுதியில் வளர்க்கலாம், எங்கே கூடாது என்று தமிழக அரசு 2005இல் வரையறுத்தது. பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் ஏறிவிட்டது வேறு கதை. எல்லைக்கோடு போட்டால் மட்டும் போதாது, காவலும் வேண்டும் என்பதை அது காட்டியது.

அடுத்தது, "இயற்கை சரிசெய்துகொள்ளும்" என்பது. எதை வைத்துச் சரிசெய்யும்? மேய்கிற வாயைக் குறைக்க அங்கே வேட்டையாடும் விலங்கே இல்லையே. அந்தமானில் பல வருஷம் வேலை செய்த சூழலியலாளர் ரவூஃப் அலி, வெளியிலிருந்து வந்த தாவர உண்ணிகள் காட்டை என்ன செய்கின்றன என்று 2004இலேயே எழுதினார். மான் அதிகமுள்ள காட்டுக்குள் நின்று பார்த்தால் தலைக்கு மேலே எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். இடுப்புக்குக் கீழேதான் காடு காலி. நாற்று இல்லை, இளங்கன்று இல்லை, மரங்களின் அடி வரிசையாகத் தெரியும் அளவுக்குக் கண்பார்வை நீளும். சுற்றுலா வருகிறவர் அதைப் பூங்கா மாதிரி அழகாக இருக்கிறது என்பார். அந்தமானின் ஓணான் இனம் ஒன்று இரவில் அந்த மெல்லிய இளங்கன்றுகளின் தண்டைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். கன்று போனால் அதற்குப் படுக்கை போயிற்று, பூச்சி பிடிக்கும் இடமும் போயிற்று. மான் பெருகிய இடங்களில் இந்தப் பல்லி வகைகள் குறைந்திருப்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரிய மரங்கள் இன்னும் நிற்பதால் காடு இருப்பதாக நினைக்கிறோம். அவை விழும் நாளில் அந்த இடத்துக்கு வர வேண்டிய கன்றுகள் மானின் வயிற்றில் போயிருக்கும்.

இனி, "சட்டம் இருக்கிறதே" என்பதற்கு வருவோம். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பிரிவு எண்ணோடு பேசுவார்கள். பேசட்டும், ஒவ்வொரு பிரிவையும் திறந்து பார்க்கலாம்.

புதிய 62ஏ பிரிவு, அயல் உயிரினங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றை அறிவிக்கை மூலம் ஒழுங்குபடுத்தவோ தடை செய்யவோ மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. நல்ல அதிகாரம்தான். ஆனால் மேலே சொன்ன வரையறை வாசலிலேயே நிற்பதால் மானும் தவளையும் இதற்குள் நுழையவே முடியாது.

11ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் சில விலங்குகளைக் கொல்ல அனுமதிக்கலாம். எப்போது? மனித உயிருக்கோ உடைமைக்கோ, நிற்கிற பயிருக்கோ ஆபத்து என்றால். காட்டுக்கு ஆபத்து என்றால் அனுமதிக்க அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது. வாழைத்தோப்புக்காக மானைச் சுடலாம், வேறெங்கும் இல்லாத ஒரு பல்லிக்காகச் சுடக் கூடாது.

12ஆம் பிரிவு அறிவியல் முறை மேலாண்மைக்கு அனுமதி தருகிறது என்று இன்னொருவர் சொல்வார். தருகிறது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும் அதில் வருகிறது. அதைக் கொல்லாமல், விஷம் வைக்காமல், அழிக்காமல் செய்ய வேண்டும் என்று அதே வரியில் எழுதியும் இருக்கிறது. பிடித்து வேறிடம் கொண்டுபோகலாம். மத்தியப் பிரதேசத்தில் புனல் வடிவில் வேலி கட்டி, மந்தையை உள்ளே ஒதுக்கி, லாரியில் ஏற்றிப் புள்ளிமானைக் காட்டிலிருந்து காட்டுக்கு மாற்றுகிறார்கள். வேலை செய்கிற முறைதான். சமவெளியும் லாரிப் பாதையும் உள்ள இடத்தில் செய்வதை அந்தமானின் அடர்காட்டில், சதுப்புக்கு நடுவே, எத்தனை தீவில் செய்வது? பிடிபடும் அதிர்ச்சியிலேயே செத்துப்போகிற சுபாவம் வேறு இந்த மானுக்கு உண்டு.

மிஞ்சுவது 62ஆம் பிரிவு. குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கைத் தீங்கு விலங்கு என்று அறிவிக்கும் அதிகாரம் அது. பீகாரில் நீல்காயை அப்படி அறிவித்தார்கள். 2016 ஜூனில் மோகாமாவில் வெளியூர் வேட்டைக்காரர்களை வரவழைத்து 200க்கும் மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டார்கள், மத்திய அமைச்சர் ஒருவரே இன்னொருவரைப் பகிரங்கமாகக் குறை சொன்னார். இந்தப் பிரிவு பாதுகாப்பைக் கழற்றிப் போடும், அவ்வளவுதான். யார் சுடுவது, எத்தனை, காடு மீள்கிறதா என்று யார் அளப்பது என்று ஒன்றும் கேட்காது. அந்தமானில் அதைப் பயன்படுத்தினால் கறி வியாபாரம்தான் முதலில் தழைக்கும். வியாபாரம் தழைத்தால் மான் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் வந்துவிடும்.

இந்தச் சட்டச் சிடுக்கு எவ்வளவு அபத்தம் என்று பார்க்க நார்கொண்டம் தீவுக்குப் போக வேண்டும். ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத எரிமலைத் தீவு. நார்கொண்டம் இருவாச்சி உலகத்தில் அங்கே மட்டும்தான் வாழ்கிறது. அங்கிருந்த காவல் சாவடிக்காக 1970களில் கொண்டுபோன ஆடுகள் நூற்றுக்கணக்கில் பெருகி, இருவாச்சிக்குப் பழம் தரும் மரங்களின் கன்றுகளை மேயத் தொடங்கின. ஆட்சேபங்கள் எழுந்தன, பின்னர் ஆடுகளை அகற்றினார்கள். ஆடு எந்த அட்டவணையிலும் இல்லை, அதனால் முடிந்தது. அதே வேலையை அதே மாதிரிச் செய்கிற மான் அட்டவணையில் இருக்கிறது, அதனால் முடியவில்லை. விலங்கு காட்டுக்கு என்ன செய்கிறது என்பதை இரண்டு தடவையும் சட்டம் கேட்கவேயில்லை.

கருணை வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். மானைச் சுடுவது பார்க்கச் சகிக்காத காரியம். ஆனால் இன்று மான் சாகாமல் இல்லை. சுருக்குக் கம்பியில் கழுத்து இறுகி, திருட்டுத்தனமாக, கணக்கில் வராமல் சாகிறது. அந்தச் சாவால் காட்டுக்கும் லாபமில்லை. நியூசிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைக்காகக் கொண்டுவந்த மான்களுக்குச் சட்டப் பாதுகாப்பே இருந்தது. மலைச்சரிவுகள் மொட்டையாகி மண் சரியத் தொடங்கியபின் 1930இல் அதை நீக்கி, சம்பளம் கொடுத்து அரசு வேட்டையாட்களை வைத்தார்கள். தாமதித்த ஒவ்வொரு பத்தாண்டும் பிற்பாடு சுட வேண்டிய மான்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டியது. கருணையின் பெயரால் ஒத்திப்போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அதே நேரம், வெளியிலிருந்து வந்ததையெல்லாம் ஒழி என்பவனும் நானல்ல. அந்தமானின் இன்டர்வியூ தீவில் 1962இல் நொடித்துப்போன மரக் கம்பெனி ஒன்று விட்டுச்சென்ற நாற்பது சொச்சம் யானைகளின் வழிவந்தவை காட்டில் திரிகின்றன. அவற்றாலும் மரங்களுக்குக் கேடு உண்டு. யானை மெதுவாகப் பெருகும் விலங்கு, ஒரு தீவுக்குள் நிற்கிறது. அவற்றை விட்டுவிடலாம் என்பேன். ராஸ் தீவு என்று நாம் அறிந்த சுபாஷ் சந்திர போஸ் தீவில் சுற்றுலாப் பயணிகளின் கையிலிருந்து வாங்கித் தின்னும் மான்களையும் சுட வேண்டியதில்லை. சின்னத் தீவு, பழகிய மந்தை, எண்ணிவிடலாம். கருத்தடையோ இடமாற்றமோ அங்கே நடக்கிற காரியம். ஒவ்வொரு தீவுக்கும் இப்படி வெவ்வேறு பதில் சொல்ல இடம் தராததுதான் இன்றைய சட்டத்தின் மேல் என் புகார்.

"நடக்காத காரியம்" என்ற சமாதானம் ஒன்று மிச்சமிருக்கிறது. 998 தீவுகளில் நடந்த 1,550 அயல் விலங்கு ஒழிப்பு முயற்சிகளைத் தொகுத்த ஆய்வு 2022இல் வந்தது. 88 சதவீதம் வெற்றி. கலாபகஸில் சான்டியாகோ தீவிலிருந்தும் இசபெல்லாவின் வடபகுதியிலிருந்தும் 1,40,000க்கும் மேற்பட்ட ஆடுகளை அகற்றினார்கள். கடைசிச் சில ஆடுகள் புதரில் பதுங்கியபோது, ரேடியோ பட்டை கட்டிய ஆட்டை அவிழ்த்துவிட்டார்கள். ஆடு தனியாக இருக்காது, கூட்டத்தைத் தேடிப் போகும், பின்னாலேயே ஹெலிகாப்டர் போகும். அதற்கு யூதாஸ் ஆடு என்று பெயர். தோல்விகளும் உண்டு. தெற்கு அட்லாண்டிக்கின் காஃப் தீவில் ஆல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கொறிக்கும் சுண்டெலிகளுக்கு 2021இல் விஷம் தூவினார்கள், வருஷம் முடிவதற்குள் ஒரு சுண்டெலி காமிராவில் சிக்கியது.

நடு அந்தமான், தெற்கு அந்தமான் போன்ற பெரிய தீவுகளில், அதிலும் ஜாரவா காப்பகத்தை ஒட்டி, மானை முழுக்க ஒழிப்பது நடக்காது. அங்கே எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதுதான் வழி. சின்னத் தீவுகளில் முடியும், பக்கத்துத் தீவிலிருந்து நீந்தி வருவதற்குக் காவல் வைத்தால். அதற்குச் சட்டத்தில் தேவைப்படும் மாற்றம் பெரிதில்லை. வரையறையில் "இந்தியாவுக்கு" என்பதோடு "அல்லது அதன் குறிப்பிட்ட தீவுக்கோ பகுதிக்கோ" என்று சேர்க்க வேண்டும். 12ஆம் பிரிவின் கொல்லாமை நிபந்தனைக்கு, அப்படி அறிவிக்கப்பட்ட தீவுகளில் மட்டும் விலக்கு வேண்டும். விலக்கு தரும் உத்தரவில் தீவின் பெயர், எண்ணிக்கை, சுடப்போகும் வனத்துறை ஆட்கள் யார், கறி எங்கே போகிறது, முன்னும் பின்னும் கன்றுகளை எண்ணுவது யார் என்ற ஐந்தும் எழுதியிருக்க வேண்டும். கறியைப் பற்றிய வரிக்குத்தான் சண்டை அதிகம் வரும். விற்கக் கூடாது என்று முதலிலேயே எழுதிவிடுவது நல்லது.