கறுவா எண்ணெயும் கமக்காரரின் தெளிகருவியும்

2021ஆம் ஆண்டு மே மாதம், ஒரே வர்த்தமானி அறிவித்தலின் மூலம் இலங்கைக்குள் இரசாயன உரங்களும் பீடைநாசினிகளும் வருவது நிறுத்தப்பட்டது. நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நெல்லுக்கும் தேயிலைக்கும் நேர்ந்தது என்னவென்பதை நாடு அறியும். ஆனால் அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்றும் உண்டு. 'இயற்கை வழி' என்ற சொல்லை இன்று எந்தக் கமக்காரரிடம் உச்சரித்தாலும் அவர் கசப்போடு சிரிக்கிறார். ஒரு நல்ல கருத்தைக் கொல்வதற்கு, அதனை ஆயத்தமின்றி ஆணையாகப் பிறப்பிப்பதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

இத்தனைக்கும், நச்சு மருந்துகளைக் குறைப்பதில் உலகுக்கே வழிகாட்டிய நாடு இது. 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், 1984இல் பரத்தியோன் தடைசெய்யப்பட்டது. 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடொபொஸ் முதலான மிகக் கொடிய நஞ்சுகளும், 1998இல் எண்டோசல்பானும் அகற்றப்பட்டன. அதன்பின் நஞ்சினால் நிகழ்ந்த மரணங்கள் பெருமளவு குறைந்தன. நெல் விளைச்சலோ வீழ்ச்சியடையவில்லை. காரணம் எளியது. ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பதிலீடு இருக்கிறதா என்று பார்த்து, படிப்படியாக விலக்கினார்கள். 1995க்கும் 2021க்கும் இடையிலான வேறுபாடு அதுதான்.

அந்தப் பதிலீடுகளுள் ஒன்றாக நான் கருதுவது, கறுவா, கராம்பு, சிட்ரொனெல்லா போன்றவற்றிலிருந்து நீராவியால் வடித்தெடுக்கப்படும் ஆவியாகும் எண்ணெய்களை. இவற்றை வேப்பெண்ணெயோடு குழப்பிக்கொள்ளலாகாது. வேப்பெண்ணெய் விதையைப் பிழிந்து பெறப்படுவது. நான் சொல்லும் எண்ணெய்களோ காற்றில் ஆவியாகி மணம் பரப்புபவை. கறுவா இலையிலும் கராம்பிலும் மிகுதியாக இருக்கும் யூஜினோலும், கறுவாப் பட்டையிலுள்ள சின்னமல்டிகைட்டும் பங்கசுக்களின் கலமென்சவ்வைச் சிதைக்கின்றன. பூச்சிகளின் நரம்பு மண்டலத்தையும் இத்தகைய எண்ணெய்கள் தாக்குகின்றன. எதிரிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் தாவரம் தானே சமைத்துக்கொண்ட ஆயுதங்கள் இவை.

இது வெறும் பாட்டி வைத்தியமன்று. களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாழைச் சீப்பின் காம்படியை அழுகச் செய்யும் பங்கசுக்களையும், பழத்தோலில் கரும்புள்ளி விழுத்தும் பங்கசையும் கறுவா, கராம்பு எண்ணெய்கள் கட்டுப்படுத்துவதை ஆய்வுகூடத்தில் காட்டினர். நீர்வேலியில் வாழை வைப்போருக்கும், குலைகளை லொறியில் ஏற்றித் தெற்குக்கு அனுப்புவோருக்கும் இதன் பொருள் விளங்கும். தோட்டத்தில் தப்பிய குலை சந்தையில் அழுகினால் நட்டம் முழுவதும் விளைவித்தவர் தலையில்தான் விழுகிறது.

ஆயினும் இவற்றைச் சர்வரோக நிவாரணியாக விற்க முனைவோரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விரைந்து ஆவியாவது இவற்றின் சிறப்பு. பழத்தில் எச்சம் தங்குவது குறைவு. அதுவே இவற்றின் குறையும்கூட. வெயிலில் தெளித்தால் பலன் நீடிக்காது, மீண்டும் மீண்டும் தெளிக்க நேரும், செலவு ஏறும். அளவு மிஞ்சினால் பயிரே கருகும். கராம்பெண்ணெய் சில நாடுகளில் களைகளைக் கருக்கவே பயன்படுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. இயற்கை என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. புகையிலையிலிருந்து வரும் நிக்கொட்டினும் இயற்கையானதுதான். அது கடும் நஞ்சு.

உலகம் இதனைக் கவனமாகவே கையாள்கிறது. அமெரிக்கா 1996இல் கறுவா, கராம்பு, சிட்ரொனெல்லா எண்ணெய்களைக் குறைந்த ஆபத்துடையவை என வகைப்படுத்தி, அவற்றாலான தயாரிப்புகளுக்கு நிபந்தனைகளோடு பதிவு விலக்களித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் யூஜினோல், ஜெரானியோல், தைமோல் ஆகியவற்றைப் பயிர்ப் பாதுகாப்புக்கு அங்கீகரித்தது. இம்மூன்றையும் மதுவக் கலச்சுவருக்குள் அடைத்து, மெல்ல வெளியேறும்படி செய்த மருந்து திராட்சையின் சாம்பல் அழுகலுக்குத் தெளிக்கப்படுகிறது.

நாமோ, கறுவாவின் தாயகம் என்று பெருமை பேசிக்கொண்டு, இலையெண்ணெயைப் பீப்பாய்களில் நிரப்பிக் கப்பலேற்றுகிறோம். ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட இலங்கைச் சிட்ரொனெல்லா, தரத்தில் மேம்பட்ட ஜாவா வகையிடம் இடத்தைப் பறிகொடுத்தது. அந்த வரலாற்றிலிருந்து எதுவும் கற்கவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

என் கருத்து இதுதான். திறந்த வயலில் அல்ல, மூடிய இடங்களில் தொடங்குவோம். பழக் களஞ்சியம், விதை வெங்காயக் கொட்டில், தானியக் கிடங்கு ஆகியவற்றில் ஆவி வெளியேறாது தங்கி நின்று வேலை செய்யும். பல்கலைக்கழக ஆய்வுகள் நூலகத்தில் உறங்காமல் விவசாயத் திணைக்களத்தின் பரீட்சார்த்தத் திடல்களுக்கு வரட்டும். பரிசோதனையில் தோற்றால் அதன் நட்டத்தை அரசே ஏற்கட்டும். போத்தலின் மேல் இலைப் படம் ஒட்டி விற்கப்படும் எதுவும் பீடைகொல்லிப் பதிவாளரின் பரிசோதனையிலிருந்து தப்பலாகாது.

சுண்ணாம்புக் கல்லின் ஊடாக வடிந்திறங்கும் நீரையே நம்பி வாழும் யாழ். குடாநாட்டில், தோட்டத்தில் தெளிப்பது ஒருநாள் கிணற்றுக்கு வந்து சேரும் அபாயம் எப்போதும் உண்டு. மாற்று வழி தேடுவது ஆடம்பரமன்று. ஆனால் அடுத்த முறையாவது அது வர்த்தமானியிலிருந்து வயலுக்கு வராமல், வயலில் நிரூபணமான பின் வர்த்தமானிக்குப் போகட்டும்.