மலை வீட்டுக்கும் மார்க்கு உண்டு!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி. இந்தக் காலத்தில் வீட்டைக் கட்டுவதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் "சிபில் மார்க்கு"!

பட்டணத்தில் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களுக்குத்தான் இந்த மார்க்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஜவ்வாது மலையில் இரண்டு அறை வீடு கட்டுகிறவருக்கும் இந்த மார்க்கு வேண்டியிருக்கிறது. சொல்லப்போனால், அவருக்குத்தான் அதிகம் வேண்டியிருக்கிறது.

எப்படி?

மலையின் கணக்கு

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் அதன் முக்கியமான ஊர். அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். இவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்ல. தமிழ் பேசும் மலைவாசிகள்.

சாமை அறுத்தால் காசு. புளி உலுக்கினால் காசு. மற்ற மாதங்களில் கை வறட்சிதான். பலர் கூலி வேலை தேடி வெளியூர் போகிறார்கள்.

இப்படிப்பட்ட குடும்பம் ஒரு கான்கிரீட் வீடு கட்ட நினைக்கிறது. அரசாங்க உதவி உண்டு. 2024ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்த "கலைஞரின் கனவு இல்லம்" திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று வகுக்கப்பட்டது. வீட்டின் அளவு 360 சதுர அடி. மத்திய அரசின் கிராம வீட்டு வசதித் திட்டமும் இருக்கிறது.

இந்த மானியத்துக்கு மார்க்கு கேட்பதில்லை. ஆனால் சிமெண்டையும் கம்பியையும் போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ மலை ஏற்ற வேண்டும். வண்டி வாடகை ஏறும். கொத்தனார் கூலி ஏறும். மானியப் பணம் தளத்துக்குச் சரியாகப் போனால், கதவுக்கும் ஜன்னலுக்கும் கடன்தான் வாங்க வேண்டும். அங்கேதான் மார்க்கு வந்து குறுக்கே நிற்கிறது!

அடகு வைக்க என்ன இருக்கிறது?

பட்டணத்துக்காரர் வீட்டுப் பத்திரத்தை பாங்கியில் அடமானம் வைக்கிறார். கடன் நின்றுபோனால் பாங்கி அந்த வீட்டை விற்றுக்கொள்ளும்.

மலையில் அது அவ்வளவு சுலபம் அல்ல. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிடைக்கும் நிலம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும். ஆனால் அதை விற்க முடியாது. வேறொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. மலைவாசியின் நிலம் கைமாறிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட வேலி அது. நல்ல வேலிதான். ஆனால் விற்க முடியாத நிலத்தை நம்பி பாங்கி கடன் தர யோசிக்கிறது.

பத்திரத்தை அடகு வைக்க முடியாத இடத்தில், மனிதனின் பெயர்தான் அடகு. அந்தப் பெயர் எப்படி என்பதைச் சொல்வதே மார்க்கு.

மார்க்கு போடுவது யார்?

2000ஆம் ஆண்டில் சிபில் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. இன்று அதைப்போல நான்கு கம்பெனிகள் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரிசர்வ் பாங்கியின் மேற்பார்வையில் இவை நடக்கின்றன.

நீங்கள் பாங்கியில் வாங்கிய கடன், நகைக் கடன், வண்டிக் கடன் எல்லாம் அங்கே பதிவாகின்றன. தவணை கட்டிய நாளும் பதிவாகிறது. கட்டத் தவறிய நாளும் பதிவாகிறது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து 300 முதல் 900 வரை மார்க்கு போடுகிறார்கள். 750-க்கு மேல் இருந்தால் பொதுவாக பாங்கிகள் முகம் மலர்ந்து பேசும்.

மகளிர் சுய உதவிக் குழுவில் வாங்கும் கடனும் இதில் உண்டு. குழுவின் கணக்கு மட்டும் அல்ல, ஒவ்வொரு உறுப்பினரின் கணக்கையும் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2016ஆம் ஆண்டில் உத்தரவு போட்டது.

ஏட்டில் ஏறாத நாணயம்

ஒருவர் மளிகைக் கடைக்காரரிடம் கடன் வாங்கி, சாமை விற்றதும் காசு பாக்கியில்லாமல் தீர்க்கிறார். பத்து வருஷமாக ஒருமுறையும் தவறவில்லை. இருந்தும் அவர் பாங்கிக்குப் போனால், "உமக்குக் கணக்கே இல்லையே" என்கிறார்கள்! காரணம், கடைக்காரர் நோட்டு சிபிலுக்குப் போவதில்லை.

மேஸ்திரி தரும் முன்பணமும் அப்படியே. அதைத் தீர்க்க உடம்பு தேய உழைத்தாலும் ஒரு மார்க்கு கூடாது. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போட்டு வேலை வாங்குவது சட்டப்படி குற்றமும்கூட. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட கடனையே ரத்து செய்துவிட்டது.

இந்த அநீதிக்கு ஒரு பரிகாரம் வந்திருக்கிறது. முதல்முறை கடன் கேட்பவருக்குப் பழைய கணக்கு இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் பாங்கி 2025 ஜனவரியில் தெரிவித்தது. அந்த ஆண்டு பார்லிமெண்டிலும் இது எடுத்துச் சொல்லப்பட்டது.

அதே 2025ஆம் ஆண்டில் தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க் கடனுக்கு சிபில் அறிக்கை பார்க்கும் பேச்சு எழுந்தது. விவசாயிகள் எதிர்த்தார்கள். பயிர்க் கடனுக்கு அது கட்டாயம் அல்ல என்று அரசு விளக்கம் தந்தது. ஆனால் வீட்டுக் கடனுக்கு பாங்கிகள் மார்க்கைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

குறைந்தால் என்ன நஷ்டம்?

கணக்குப் பாருங்கள். 3 லட்சம் ரூபாய் கடன். பத்து வருஷத் தவணை. வட்டி 9 சதவீதம் என்றால் மாதம் சுமார் 3,800 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி 11 சதவீதம் என்றால் சுமார் 4,130 ரூபாய். மாதத்துக்கு 330 ரூபாய்தானே என்று தோன்றும். பத்து வருஷத்தில் அது ஏறக்குறைய 40,000 ரூபாய்!

பாங்கி கதவே மூடிவிட்டால் பிறகு கந்து வட்டிதான். அதன் நஷ்டத்துக்குக் கணக்கே கிடையாது.

மார்க்கு ஏற வழி என்ன?

வீடு கட்டுவதற்கு ஒரு வருஷம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். நான்கு கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இது உங்கள் உரிமை. செல்போனில் பார்க்கத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கேளுங்கள்.

அறிக்கையில் பிழை இருக்கலாம். தீர்த்த கடன் தீராததாக நிற்கலாம். வேறொருவர் கடன் உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். உடனே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறை. அப்படியும் தீராவிட்டால் ரிசர்வ் பாங்கியின் 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

தவணையைக் கெடு தேதிக்கு முன் கட்டுங்கள். வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் தவணைப் பணத்தை வீட்டில் கொடுத்து, தேதியையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அறுவடைக் காசு வந்ததும் நான்கு மாதத் தவணையைக் கணக்கில் ஒதுக்கி வைப்பது இன்னும் நல்லது.

ஜாமீன் கையெழுத்து போடும்முன் யோசியுங்கள். மைத்துனர் கட்டாத கடன் உங்கள் மார்க்கையும் இழுக்கும்.

ஒரே மாதத்தில் ஐந்து பாங்கிகளில் மனு போடாதீர்கள். பணத்துக்குத் தவிக்கிறவர் என்று ஏடு சொல்லும்.

பாதி கட்டி "செட்டில்" செய்தால் கடன் முடியும், கறை முடியாது. முழுவதும் கட்டி, பாக்கி இல்லை என்ற சீட்டை வாங்கி வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை! "ஒரே வாரத்தில் மார்க்கை ஏற்றித் தருகிறேன், ஐயாயிரம் கொடு" என்று வருகிறவரை நம்பாதீர்கள். உண்மையான பதிவை யாரும் காசு வாங்கி அழிக்க முடியாது. செல்போனில் வரும் ரகசிய எண்ணையும் அவரிடம் சொல்லாதீர்கள்.

நாணயம் ஜவ்வாது மலைக்குப் புதிது அல்ல. சொன்ன சொல்லுக்குக் கடைக்காரர் அரிசி கொடுக்கிற ஊர் அது. அந்த நாணயம் இனி ஏட்டிலும் ஏற வேண்டும். சிறு கடன் ஒன்றை பாங்கியிலோ குழுவிலோ வாங்கி, நாள் தவறாமல் கட்டினால் போதும். அடுத்த சாமை அறுவடைக்குள் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு மார்க்கு எழுந்து நிற்கும்.