பிரஞ்சு படிக்கும் ஆசையும் பெரியவர்கள் புத்தியும்

வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்று மூன்று பாஷைகளோடு வளரும் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளை ஒன்று, "எனக்குப் பிரஞ்சும் படிக்க ஆசையாயிருக்கிறது" என்று சொன்னால், நம் பெரியவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? ஒரு கூட்டத்தார், "அதில் மார்க்கு அள்ளலாமாமே, எடுத்துக்கொள்" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "ஆண்டவன் பாஷை நமக்கெதற்கு?" என்கிறார்கள். மூன்றாவது கூட்டத்தார், "அது பெரிய இடத்துப் பாஷையல்லவா!" என்று பூரிக்கிறார்கள். இவர்களில் ஒருவராவது அந்தப் பிள்ளையின் ஆசை இன்னதென்று விசாரித்ததுண்டா என்று கேட்கின்றோம்.

முதலில் மார்க்குக்காரர்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளில் தமிழுக்குப் பதிலாகப் பிரஞ்சு எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அப்படி எடுத்தவர்களில் எத்தனை பேர் பரீட்சை முடிந்த பிறகு ஒரு பிரஞ்சுப் பத்திரிகையைப் பிரித்துப் பார்க்கிறார்கள்? நெட்டுருப் போட்டுக் கொட்டிவிட்டு மறந்துபோவதற்குப் படிப்பென்று பேரா? பொருள் தெரியாமல் மந்திரம் சொல்லுகிறவனுக்கும், பொருள் தெரியாமல் பிரஞ்சு ஒப்பிக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்? அவனுக்குத் தட்சணை, இவனுக்கு மார்க்கு, அவ்வளவுதான்.

அடுத்து, ஆண்டவன் பாஷை என்கிறவர்கள். புதுச்சேரியில் பிரஞ்சு நிர்வாகம் 1954ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி கை மாறிவிட்டது. போய்விட்ட ஆட்சியின் மேலுள்ள கோபத்தை இலக்கணப் புத்தகத்தின் மேல் காட்டுவானேன்? ஹெய்தி நாட்டுக் கறுப்பு மக்கள், தங்களை அடிமைகளாக வைத்திருந்த பிரஞ்சுக்காரரின் படையைத் தோற்கடித்து 1804 ஜனவரி 1ஆம் தேதி சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். அந்தப் பிரகடனத்தை எழுதியதே பிரஞ்சில்தான். எஜமானனை விரட்டினார்கள், கைக்கு வந்த ஆயுதத்தை விட்டெறியவில்லை.

இனி, பெரிய இடத்துப் பாஷை என்கிறவர்கள். ரோமாபுரிச் சிப்பாயும் வியாபாரியும் பேசிய கொச்சை லத்தீன்தானே நாளடைவில் பிரஞ்சாயிற்று? பிரான்சிலேயே, இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட ஜனங்களில் பிரஞ்சைச் செம்மையாகப் பேசுகிறவர்கள் 30 லட்சத்துக்கு மேல் இல்லை என்று 1794இல் கிரெகுவார் பாதிரியார் அறிக்கை கொடுத்தார். பிறகு பிரித்தானி பகுதிப் பள்ளிக்கூடங்களில், தாய்ப்பாஷையான பிரெத்தோனில் பேசிய குழந்தையின் கழுத்தில் அவமான அடையாளம் மாட்டித் தண்டித்தார்கள். இயற்கையிலேயே பெரிய பாஷையென்றால், அதற்குக் குழந்தையின் கழுத்தில் கட்டை தொங்கவிடும் அவசியம் ஏன் வந்தது?

நிற்க. அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் லாபம் என்னவென்று கேட்கலாம். பிரஞ்சுக்காரன் 80க்கு "நான்கு இருபது" என்கிறான். 90க்கு "நான்கு இருபது பத்து" என்கிறான். பக்கத்திலுள்ள பெல்ஜியத்துக்காரனோ அதே பிரஞ்சில் 90க்குத் தனிச் சொல் வைத்திருக்கிறான். மேசை பெண்பாலாம், புத்தகம் ஆண்பாலாம்! பிள்ளை சிரிக்கும். சிரித்துவிட்டுத் தன் தமிழையும் திரும்பிப் பார்க்கும். நூறை எட்டாத தொண்ணூறில் "நூறு" எப்படி நுழைந்தது? ஆயிரத்தை எட்டாத தொள்ளாயிரத்தில் "ஆயிரம்" எப்படி நுழைந்தது? இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளையிடம் போய், இன்ன பாஷை கடவுள் வாயிலிருந்து வந்தது, இன்ன பாஷை ஈனப் பாஷை என்று சொல்லிப் பாருங்கள், நம்பவே நம்பாது. பாஷையெல்லாம் மனிதன் தன் சௌகரியத்துக்குச் செய்துகொண்டது என்பதை நான்கு பாஷை தெரிந்த பிள்ளைக்கு எவரும் பிரசங்கம் செய்து விளக்கவேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை பிரஞ்சு கேட்டால், மார்க்குக் கணக்குப் போடாதீர்கள், பெருமையும் பேசாதீர்கள். ஒரு நல்ல அகராதி வாங்கிக் கொடுங்கள். தமிழை விட்டுத்தான் பிரஞ்சு வரும் என்று எவனாவது சொன்னால், ஏற்கெனவே மூன்று பாஷை பேசும் அந்தப் பிள்ளையையே அவனுக்கு எதிரில் கொண்டுபோய் நிறுத்துங்கள். பிரஞ்சு வேண்டாமென்கிற பிள்ளையையும் அடித்து உட்கார வைக்காதீர்கள். ஆசைப்பட்டுப் படிப்பது கல்வி. கட்டாயத்துக்குப் படிப்பது சுமை. மார்க்குக்காகப் படிப்பது வியாபாரம். இந்த மூன்றில் உங்கள் பிள்ளைக்கு எதைக் கொடுக்கப் போகிறீர்கள்?